எல்லாத்துக்கும் ஒரே மாதிரிங்க

திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத் திட்டுகிற ஒரு மனுஷியை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. எங்கள் கோவில்பட்டிப் பக்கத்தில் கோபம் வந்தால் முதலில் காணாமல் போவது மரியாதைதான். இவர் அப்படியில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், தோள்பட்டை கோணலாகப் போன ஒரு டீ-ஷர்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "ஏனுங்க, இதைப் போடறவங்களுக்கு ஒரு தோளு மேலயும் ஒரு தோளு கீழயும் இருக்கும்னு நெனச்சீங்களா? கண்ணை எங்கீங்க வச்சுட்டுத் தைச்சீங்க?" என்றார். எனக்கு அழுகை முட்டியது. அதே நேரம் சிரிப்பும் வந்தது. திட்டுகிறாரா, விருந்துக்குக் கூப்பிடுகிறாரா என்று புரியாமல் எழுந்து நின்றேன்.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் எங்கள் லைனுக்கு அவர்தான் சூப்பர்வைசர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் இஞ்ச் டேப், கையில் நூல் வெட்டும் கத்தரி, காலில் சத்தமே போடாத ரப்பர் செருப்பு. அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் முப்பத்தொரு டெய்லர்கள்; ஒருவர்கூட அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மேடம். அவருக்கோ, நேற்றுச் சேர்ந்த இருபது வயதுப் பெண்ணிலிருந்து பேரன் எடுத்தவர் வரைக்கும் எல்லோரும் 'வாங்க, போங்க'தான்.

திங்கட்கிழமை காலையில் மெஷின்களைப் போடுவதற்கு முன்னால் காலி நூல்கண்டுப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார். உள்ளே மடித்துப் போட்ட சீட்டுகள். எடுக்கிற சீட்டில் என்ன நம்பர் இருக்கிறதோ, அந்த வாரம் முழுக்க அந்த இடம். செய்கிற வேலை மாறாது, உட்காருகிற இடம் மட்டும் மாறும். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த இடத்துக்கு நாங்கள் 'ஊட்டி' என்று பெயர் வைத்திருந்தோம். அயர்ன் மேஜையின் நீராவி முகத்தில் அடிக்கிற இடம் 'அக்கினி'. பழகின மெஷினை விட்டு எழுந்து போவது டெய்லருக்கு எரிச்சலான காரியம். பெடலுக்குப் பெடல் குணம் வேறு. யாராவது முணுமுணுத்தால், "எல்லாத்துக்கும் ஒரே மாதிரிங்க" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இந்த ஒரே மாதிரியை எந்த அளவுக்குக் கொண்டுபோவார் என்று பார்க்க எனக்கு ஆசை. ஒருமுறை ஊருக்குப் போய் வந்தபோது அவருக்கென்று தனியாக ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்கி வந்தேன். கொஞ்சம் காக்காய் பிடிக்கிற எண்ணமும் இருந்தது, மறைப்பதற்கு என்ன! வாங்கிக்கொண்டார். "ரொம்ப சந்தோசமுங்க" என்றார். தேநீர் நேரத்தில் பார்த்தால், வெட்டுமேஜை ஓரத்தில் நின்று, கத்தரியைத் துடைத்துவிட்டு, கடலை மிட்டாயை முப்பத்திரண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். தட்டு என்னிடமும் வந்தது. நான் வாங்கி வந்த மிட்டாயில் என் பங்குக்கு ஒன்றரைக் கடலை கிடைத்தது.

அந்த வாரம் என் பக்கத்து மெஷினில் விழுந்த செல்வியக்கா, சாத்தூர்க்காரி, அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஊசியையே ஒடித்துவிட்டாள். "ஏட்டி, ஐஸ் வச்சியே, உருகிப்போச்சா?" என்றாள்.

இதையெல்லாம் கேலியாகச் சொன்னாலும், அந்தக் கம்பெனியில்தான் எனக்கு மூச்சு விட முடிந்தது. அதற்கு முன்னால் நல்லூரில் ஒரு சின்னக் கம்பெனியில் ஏழு மாதம் தைத்தேன். அங்கே சூப்பர்வைசருக்கு ஐந்தாறு செல்லப் பிள்ளைகள் உண்டு. நல்ல துணிப் பண்டல் அவர்களுக்கு, சிரிப்பு அவர்களுக்கு, சூடான தேநீர் அவர்களுக்கு. மற்றவர்கள் அந்த ஐந்தாறு பேருக்குப் பிடித்தவர்களாக ஆகப் பார்ப்பார்கள். எனக்கு அந்த வித்தை வரவில்லை. யாரும் என்னோடு சண்டை போட்டதில்லை. பேசியதும் இல்லை. ஒருநாள் காலை எட்டரை மணிக்குப் போனால் ஷட்டர் மூடியிருக்கிறது. அன்றைக்குக் கரண்ட் இல்லை, லீவு என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர்களுக்கு என் ஞாபகமே வரவில்லை. சாப்பாட்டுத் தூக்கோடு அந்த ஷட்டருக்கு முன்னால் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கும்.

இங்கே அப்படி ஒன்று நடக்கவே நடக்காது. லீவோ, கூடுதல் நேரமோ, எதுவானாலும் மேடம் ஸ்டூல் மேல் ஏறி நின்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்வார். ஒடிசாவிலிருந்து வந்த சபிதாவுக்குத் தமிழ் வராது, இவருக்கு இந்தி வராது. இறங்கி நேராக சபிதாவிடம் போய், சுவர்க் காலண்டரில் தேதியைத் தொட்டுக் காட்டி, இரண்டு கையாலும் கதவு சாத்துகிற மாதிரி நடித்துக் காட்டுவார். சபிதா தலையாட்டின பிறகுதான் லைன் ஓடும். வாராவாரம் இடம் மாறியதால் இந்த ஊர்க்காரி, தெற்கத்திக்காரி, இந்திக்காரி என்று பிரிந்து உட்காரவும் வழியில்லாமல் போனது. யார் பக்கத்தில் விழுந்தாலும் பேசித்தான் ஆக வேண்டும். மேடத்துக்கு யாரைப் பிடிக்கும் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. அதனால் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி பயப்பட வேண்டிய தேவையும் இல்லை.

டேமேஜ் வந்தால் அவர் செய்வதையும் சொல்ல வேண்டும். கெட்டுப்போன பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைசி வேலை செய்தவரின் மேஜையிலிருந்து வேலை வரிசைப்படி பின்னோக்கி நடப்பார். லேபிள் தைத்தவர், கீழ்மடிப்பு அடித்தவர், கை வைத்தவர், தோள் சேர்த்தவர் என்று ஒவ்வொரு மேஜையிலும் நின்று, "உங்க கைக்கு வரும்போது எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்பார். வெட்டுமேஜை வரைக்கும் போவார். பாதி வழியில் தீர்ப்புச் சொல்லி நான் கேட்டதில்லை. தவறு யாருடையது என்று தெரிந்ததும் அவரிடம் மட்டும் குனிந்து சொல்வார். அடுத்த மேஜைக்குக்கூடக் காதில் விழாது.

இத்தனை பேரை இப்படிப் பார்த்துக்கொண்ட அந்த அம்மாள் மட்டும் தனியாகச் சாப்பிடுவார். நாங்கள் பின்பக்கக் கொட்டகையில் வேஸ்ட் துணியை விரித்து வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்போம். அவர் கரண்ட் போர்டு பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். டிபன் பாக்ஸில் என்ன இருக்கும் என்று எனக்கும் செல்வியக்காவுக்கும் பந்தயமே நடந்திருக்கிறது. ஒருநாள் துணிந்து, "எங்களோட வாங்களேன் மேடம்" என்று கூப்பிட்டேன்.

"இன்னைக்கு உங்க பக்கத்துல உக்காந்தா நாளைக்கு மத்தவங்க மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியுமுங்க. நீங்க சாப்பிடுங்க" என்றார்.

அவருக்கு அது கஷ்டமாக இருந்ததா, பழகிவிட்டதா என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். முதுகைப் பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும்?

அப்போதுதான், வேலையை விட்டுப் போன ஒருத்தியின் இடத்துக்குக் கோகிலா வந்தாள். இருபத்தொரு வயது, தாராபுரம் பக்கத்திலிருந்து வந்தவள். சிரித்தால் கன்னம் இரண்டும் கண்ணை மூடிவிடும். டீ-ஷர்ட்டுக்குக் கை வைக்கிற வேலை அவளுக்கு. நான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தோளில் சேர்த்து, வெட்டின கைத் துண்டுகளையும் அதோடு வைத்துக் கட்டி அனுப்புவேன். அந்தப் பண்டல் நேராக அவளிடம் போகும். முதல் பத்து நாள் எல்லோரோடும் நன்றாகத்தான் இருந்தாள். சபிதாவுக்குப் பூவெல்லாம் வைத்துவிட்டாள்.

ஒருநாள் நான் வழக்கமான பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்ததில் வந்து பேக்கரி முக்கில் இறங்கினேன். மேடத்தின் ஸ்கூட்டி வந்து ஓரமாக நின்றது. பின்னாலிருந்து கோகிலா இறங்கினாள். மேடம் திரும்பி அவள் துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டு, "சோத்த மிச்சம் வெக்காம சாப்புடு, கண்ணு" என்றார். அவர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். ஸ்கூட்டி போய்விட்டது. கோகிலா வேகவேகமாக நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். கேட்டில் மேடம் ரிஜிஸ்தரோடு நிற்கிறார்.

"அஞ்சு நிமிசம் லேட்டுங்க. கையெழுத்துப் போடுங்க" என்று கோகிலாவிடம் நீட்டினார். அடுத்து என்னிடம் நீட்டினார்.

தானே கூட்டிவந்து, தானே பாதி வழியில் இறக்கிவிட்டு, தானே லேட்டும் போடுகிறார்! எனக்குத் தலை சுற்றியது. தேநீர் நேரத்தில் கோகிலாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். மேடத்துக்குக் கூடப்பிறந்த அக்காவின் மகளாம். மேடம் வீட்டில்தான் தங்கியிருக்கிறாளாம். "யாருகிட்டயும் சொல்லீராதீங்க்கா. ஊட்டுல என்னைத் தலைல தூக்கி வச்சுக்குவாங்க. இங்க வந்தா மட்டும் தெரியாதவங்க மாதிரிதான் இருக்கோணும்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

நான் செல்வியக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். செல்வியக்காவிடம் சொல்வதும் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்று என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தேதான் சொன்னேன். ஒரு சேதி கையில் இருந்தால் நாக்கு அரிக்கும், வேறொன்றுமில்லை.

அடுத்த நாளிலிருந்து கோகிலா வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். "வேவு பாக்க வச்சிருக்காவ" என்று செல்வியக்கா தீர்மானமாகச் சொன்னாள். கொட்டகையில் வட்டங்கள் கொஞ்சம் இறுகின. வெளியே போ என்று ஒருவரும் சொல்லவில்லை. இடம்தான் இல்லாமல் போனது. கோகிலா கார்ட்டன் பெட்டிகளின் மறைவில் போய்ச் சாப்பிட்டாள். அந்தப் பக்கம் மேடம் தனியாக, இந்தப் பக்கம் அவர் அக்கா மகள் தனியாக. மேடம் பார்க்காமல் இல்லை. அவர் ஏதாவது செய்தால் சொந்தம் பார்த்த மாதிரி ஆகிவிடுமே! ஒருமுறை சீட்டு எடுக்கும்போது கோகிலாவுக்கு ஊட்டி விழுந்ததும், "இன்னொருக்கா எடுங்க" என்று சொல்லி, அக்கினி வந்தபோது அங்கே அனுப்பியதை நானே பார்த்தேன். அன்றைக்கும் நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் என்னால் அந்தத் தவறு நடந்தது. பனியன் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். துணியை அடுக்கடுக்காகப் போட்டு மொத்தமாக வெட்டுவார்கள். ஒரே நிறம் என்று பெயர்தான், சாயம் ரோலுக்கு ரோல் ஒரு நூல் மாறும். அதனால் வெட்டின ஒவ்வொரு துண்டிலும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பதினான்காம் நம்பர் உடம்புக்குப் பதினான்காம் நம்பர் கைதான் சேர வேண்டும். ஸ்டிக்கர் விழுந்துவிட்டால் தைக்கிறவர் தன் கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். வெட்டுமேஜை ஆள் வந்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, பொருத்திக் கொடுப்பார். அரை மணி நேரம் போய்விடும்.

அன்றைக்கு மயில் நீலம் ஓடிக்கொண்டிருந்தது. தோள் சேர்த்து முடித்து பண்டலைக் கட்டும்போது, கைகள் வைத்த கட்டு சரிந்து தரையில் கொட்டியது. பத்துப் பன்னிரண்டு ஸ்டிக்கர்கள் உதிர்ந்துவிட்டன. கையைத் தூக்கினால் என் டார்கெட் போகும். மேடம் வந்து குனிந்து, 'ங்க' போட்டுக் கேட்பார். சுற்றும் முற்றும் பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் ஒரே நீலமாகத்தான் தெரிந்தது. உத்தேசமாக ஸ்டிக்கரை ஒட்டி, கட்டி, கோகிலாவிடம் அனுப்பிவிட்டேன். பாவம், அவள் நம்பரைப் பார்த்துத்தான் தைத்திருக்கிறாள். கை வைத்து முடித்ததும் ஸ்டிக்கரை உரித்துப் போடுவதும் அவள் வேலை. சாட்சிக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சவில்லை.

மறுநாள் செக்கிங்கில் ஜன்னல் வெயில் பட்டதும் குட்டு வெளிப்பட்டது. உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். மேடம் பீஸை எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் பின்னோக்கி நடந்து வந்தார். லேபிள், கீழ்மடிப்பு, அடுத்து கோகிலா. அடுத்தது நான்.

அவர் கோகிலாவின் மேஜையிலேயே நின்றுவிட்டார்.

"நம்பர் பாக்காமத் தைச்சீங்களா?" சத்தமாகத்தான் கேட்டார். லைன் முழுக்கக் கேட்டது.

"பாத்துத்தானுங்க மேடம் வச்சேன்."

"பாத்திருந்தா இப்படி வராதுங்க. எந்திரிங்க. பிசிறு வெட்டப் போங்க."

பிசிறு வெட்டுவது என்றால் சுவரைப் பார்த்துப் போட்ட மேஜையில் நாள் முழுக்க நின்றுகொண்டு, தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிப்பது. டெய்லராக வந்தவளை அங்கே அனுப்புவது முகத்தில் அடிக்கிற மாதிரி. கோகிலா கத்தரியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். "சொந்த அக்கா மகள்னுகூடப் பாக்கல, பாத்தியா? நேர்மைன்னா இது" என்று செல்வியக்கா என் காதில் சொன்னாள். லைனே மேடத்தை மெச்சியது. நானும் தலையை ஆட்டினேன். தப்பித்தோம் என்று முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மதியம் சாப்பாட்டைத் திறந்த மாதிரியே மூடி வைத்தேன்.

ஐந்து நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பயம்தான் காரணம், வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. பழையபடி யாரும் பேசாத இடத்துக்குப் போய்விடுவேன் என்ற பயம். நான் பயந்த அதே இடத்தில் இன்னொருத்தியை நிறுத்திவிட்டுத்தான் இதை யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போது என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

ஆறாம் நாள் காலை பேக்கரி முக்கில் கோகிலா தனியாக நடந்து வந்தாள். ஸ்கூட்டியைக் காணவில்லை.

"நடந்தே வந்துட்டனுங்க்கா. ஊட்டுலயும் சின்னம்மா சரியாப் பேசறதில்லீங்க. அவங்களுக்கும் சங்கட்டமாத்தான் இருக்கும்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "சனிக்கெழமையோட ஊருக்குப் போயிர்றேன். அப்பா, உனக்குத் தையல் வராது, வந்துருங்கறாரு. எனக்குத் தையல் வருமுங்க்கா. வருமல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

அவள் குரலில் சந்தேகம் வந்திருந்தது. நான் கேட்டுக்குள் போனதும் ரிஜிஸ்தரில் கையெழுத்துகூடப் போடாமல் மேடத்தை வெட்டுமேஜைப் பக்கம் கூப்பிட்டேன். "அந்த மயில் நீலத்துல தப்பு நான்தான் செஞ்சேன் மேடம். ஸ்டிக்கர் விழுந்துட்டு. நானா எடுத்து ஒட்டிட்டேன்" என்றேன்.

திட்டுவார் என்று நின்றேன். "எத்தன கை விழுந்துச்சுங்க?" என்று கேட்டார். "அடியில இருந்துங்களா, மேல இருந்துங்களா?" என்று கேட்டார். எப்போதும் கேட்கிற மாதிரிதான் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் கேட்டு முடித்ததும் கத்தரியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். "இதைய நான் அன்னைக்கே உங்ககிட்ட வந்து கேட்டிருக்கோணுமுங்க. ஒரு மேஜை. ஒரே ஒரு மேஜை தாண்டி வந்திருந்தாப் போதும்" என்றார். அதுவரை அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஷிப்மெண்ட் வாரத்தில், காலை ஒன்பது மணிக்கு! மெஷின்கள் இழுத்து இழுத்து ஓய்ந்தன. மாடியில் இருந்த மேனேஜர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். மேடம் ஸ்டூல் மேல் ஏறினார்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. கை மாறுனது கோகிலா தப்பில்லீங்க. யாரு தப்புன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு, அவங்ககிட்டப் பேசியும் ஆச்சு. நான் சொல்ல வந்தது என்னோட தப்பைங்க. வேற யாரு மேஜையா இருந்தாலும் இன்னும் பின்னால போயி விசாரிச்சிருப்பேன். இவ என்னோட அக்கா புள்ளைங்கறதுனால அங்கயே நின்னுட்டேன். நீங்க என்னைய நல்லவள்னு சொல்லோணும்னு நின்னுட்டேன். எல்லாத்துக்கும் ஒரே மாதிரின்னு சொல்லிட்டு, ஒரு புள்ளைக்கு மட்டும் மாத்திச் செஞ்சுட்டனுங்க."

நான் எழுந்து 'நான்தான்' என்று சொல்ல நினைத்தேன். எழாமல், மெஷினில் இருந்த துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். மேடம் இறங்கி, பிசிறு மேஜைக்குப் போய், "உங்க மெசினுக்கு வாங்க" என்று கோகிலாவைக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டார்.

மதியம் கார்ட்டன் பெட்டிகளுக்குப் பின்னால் போய் அவளிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தவே இல்லை.

"தெரியுமுங்க்கா. எனக்கு முன்னால நீங்கதானே."

"பெறவு ஏம்மா சொல்லல?"

"சொல்லி அவங்க என் பேச்சக் கேட்டிருந்தா, சொந்தக்காரிக்கு நாயம் பேசறாங்கன்னு சொல்லுவீங்க. கேக்காமப் போயிருந்தா என்னால தாங்க முடியாதுங்க்கா."

அதற்குள் மேடம் டிபன் பாக்ஸோடு வந்து நின்றார். கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இங்க உக்காரலாமுங்களா?" என்று கோகிலாவைக் கேட்டார்.

கோகிலா நிமிர்ந்து பார்த்தாள். "வேண்டாங்க மேடம். இன்னைக்கு எம்பக்கத்துல உக்காந்தீங்கன்னா, நாளைக்கு எம்பக்கத்துல வேற யாரும் உக்கார மாட்டாங்க. மொதல்ல எல்லாரு பக்கத்துலயும் உக்காந்துட்டு வாங்க. எங்கிட்டக் கடைசியா வாங்க."

வேறு யாராக இருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பார்கள். இவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அதும் சரிதானுங்க" என்றார். திரும்பி, கொட்டகையின் முதல் வட்டத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத் தண்ணீர் மட்டும்தான் இறங்கியது.

அப்படித் தொடங்கியது. நாளைக்கு ஒருவர். முறை வருகிற ஆள் லீவு என்றால், அன்றைக்கு ஸ்டூலுக்கே திரும்பிப் போய்விடுவார். யாரையும் தாண்டி அடுத்தவரிடம் போகமாட்டார். முதல் வாரம் எங்களுக்கு அது தேர்வு எழுதுகிற மாதிரி இருந்தது. தன் முறை வருகிற நாளில் செல்வியக்கா புதுப்புடவை கட்டி வந்து, மீன்குழம்பும் கொண்டுவந்தாள். மேடம் கவிச்சி சாப்பிடமாட்டார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சபிதாவின் முறை வந்தபோது இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை; பேச மொழி இல்லை. சபிதா போனில் தன் மகனின் படத்தைக் காட்டினாள். மேடம் அந்தப் படத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

என் முறையில் பாக்ஸைத் திறந்தார். அரிசிம்பருப்பு சாதம். நான் நெல்லிக்காய் ஊறுகாய் வைத்தேன், எடுத்துக்கொண்டார். மயில் நீலத்தைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். "உங்கூர்ல மழை உண்டுங்களா?" என்று கேட்டார். "பேருக்குப் பெய்யும் மேடம்" என்றேன். என் மாமியாரின் மூட்டுவலி வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த இருபது நிமிஷத்தில் அவர் இரண்டு முறை சிரித்தார். எண்ணி வைத்திருக்கிறேன்.

இதற்குள் கார்ட்டன் பெட்டி மறைவில் கோகிலா தனியாக இல்லை. முதலில் நான் போய் உட்கார்ந்தேன். நான் போனால் செல்வியக்கா வராமல் இருப்பாளா! ஒரு மாதத்தில் பெட்டிகளை ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. கொட்டகையில் 'இன்னைக்கு யாரு?' என்று கேட்டுச் சிரிப்பது பழகிவிட்டது. சனிக்கிழமைகள் வந்து போயின. கோகிலா ஊருக்குப் போகவில்லை.

முப்பத்தோராவது ஆளாக அவள் முறை வந்தது. மேடம் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் ஒரே வீட்டுச் சாதம், ஒரே பொரியல். என்ன பேசினார்கள் என்று கேட்க நாங்கள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். ஒன்றுமே பேசவில்லை. சாப்பிட்டு எழுந்து போனார்கள்.

அதற்கு அடுத்த நாள்தான் வேடிக்கை. மேடம் டிபன் பாக்ஸோடு கொட்டகைக்குள் வந்தார். வந்து, நடுவில் நின்றுவிட்டார். சுற்று முடிந்துவிட்டது. இனி யாருடைய முறையும் இல்லை. ஸ்டூலுக்குத் திரும்பிப் போகவும் அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. இங்கே ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள், அங்கே ஒருத்தி பாக்ஸை இழுத்து இடம் விட்டாள், சபிதா தன் துப்பட்டாவை விரித்து இடம் காட்டினாள். நானும் நகர்ந்து உட்கார்ந்தேன். கூப்பிட மட்டும் ஒருத்திக்கும் தைரியம் இல்லை. மேடம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முப்பத்தொரு பேரை ஒரே மாதிரி நடத்தத் தெரிந்த மனுஷிக்கு, தனக்குப் பிடித்த ஒரு இடத்தில் போய் உட்காரத் தெரியவில்லை.

"இங்க வாங்க, சின்னம்மா" என்றாள் கோகிலா.

கம்பெனிக்குள் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. அனுமதி கேட்கிற மாதிரி எங்களைப் பார்த்தார்.

"உக்காருங்க மேடம், சோறு ஆறுது. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டோம்" என்றாள் செல்வியக்கா.

அவர் போய் அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். கோகிலா தன் பாக்ஸிலிருந்து பொரியலை அள்ளி அவர் சாதத்தில் வைத்தாள். நாங்கள் எல்லோரும் அவரவர் சாப்பாட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டோம்.

செல்வியக்கா சொன்னது உண்மையில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.